வெயிலும் ஒரு விளைச்சல்

தேச சரித்திரம் படித்தவர்களுக்குக் குஜராத்திலுள்ள கேடா ஜில்லா புதிய பெயரன்று. 1918-ஆம் வருஷத்தில் அங்கே விளைச்சல் கெட்டுப் போயிருந்தது. அந்த வருஷத்து நிலவரியை நிறுத்தி வைக்க வேண்டுமென்று குடியானவர்கள் கேட்டார்கள். அன்னிய சர்க்கார் செவி சாய்க்கவில்லை. "வரி கொடுப்பதில்லை" என்று சபதம் செய்துகொண்டு குடியானவர்கள் காந்தி மகாத்மாவின் பின்னால் நின்றது அந்த ஜில்லாவில்தான். வக்கீலாயிருந்த வல்லபாய் படேல் கிராமம் கிராமமாகச் சென்று அவர்களுக்குத் தைரியமூட்டியதும் அந்த இயக்கத்தில்தான்.

இருபத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகு அதே ஜில்லாவில் இன்னொரு காரியம் நடந்தது. குடியானவர்கள் கறந்த பாலைத் தனிக் கம்பெனி ஒன்று வாங்கிப் பம்பாய்க்கு அனுப்பி வந்தது. விலையை நிர்ணயிப்பது கம்பெனி. பாலைக் கறந்து ஊற்றுவது மட்டுமே குடியானவர் வேலை. சர்தார் படேலின் யோசனையைப் பெற்று, திரிபுவன்தாஸ் படேல் என்ற தேச பக்தரின் தலைமையில், அவர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்படுத்திக் கொண்டார்கள். 1946-ஆம் வருஷம் டிசம்பர் 14-ஆம் தேதி அது பதிவாயிற்று. இரண்டு கிராமச் சங்கங்களும் நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பாலுமே ஆரம்ப மூலதனம். இன்று வீட்டுக்கு வீடு தெரிந்த 'அமுல்' அப்படிப் பிறந்ததுதான். 1949-ல் ஆனந்த் நகருக்கு வந்து அந்தச் சங்கத்தை வளர்த்த வர்கீஸ் குரியன், சென்னை லயோலாக் கல்லூரியிலும் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியிலும் படித்தவர் என்பதில் நமக்கும் சிறிது பெருமை உண்டு.

நிலமும் பாலும் ஆன பிறகு அந்த ஜில்லாக் குடியானவர்கள் 2016-ல் மூன்றாவதாக ஒன்றில் கை வைத்தார்கள். அது வெயில்! தாஸ்ரா தாலுகாவைச் சேர்ந்த துண்டி என்ற சிறு கிராமத்தில் ஆறு விவசாயிகள் சேர்ந்து, சூரிய ஒளியினின்று மின்சாரம் உண்டாக்கி விற்பதற்காக ஒரு கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்து கொண்டார்கள். உலகத்திலேயே முதலாவது சூரியப் பாசனக் கூட்டுறவுச் சங்கம் இதுவே என்று இதற்குத் துணை நின்றவர்கள் சொல்கிறார்கள். முதலாவதோ இரண்டாவதோ, அந்த ஆறு பேர் செய்த ஏற்பாட்டில் நம் தேசத்துக் கிராமங்கள் அனைத்துக்கும் பொருந்தக் கூடிய ஒரு பாடம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

ஆறு பேர் செய்த ஏற்பாடு

துண்டி கிராமத்தின் அந்த ஆறு பேரும் அதற்கு முன்பு டீசல் இஞ்சினை வைத்துத்தான் தண்ணீர் இறைத்து வந்தார்கள். டீசல் இஞ்சின் வைத்து விவசாயம் செய்தவர்களுக்கு அதன் கஷ்டங்களை நாம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய இஞ்சின்கூட மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெயைக் குடித்து விடும். எண்ணெய் விலை ஏறும் போதெல்லாம் கதிரின் விலையும் ஏறுமா என்றால், அதுதான் கிடையாது.

சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் என்று ஒரு ஆராய்ச்சி ஸ்தாபனம் இருக்கிறது. அதன் தலைமையிடம் இலங்கையில். அதன் கிளை ஒன்று ஆனந்த் நகரில். அந்தக் கிளையைச் சேர்ந்த அறிஞர்கள், முக்கியமாகத் துஷார் ஷா என்பவர், வெகு காலமாக ஒரு கேள்வியை ஆராய்ந்து வந்தார்கள். "சூரிய பம்பு வைத்துக் கொண்ட விவசாயிக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கும். வெயில் உள்ள நேரமெல்லாம் அவன் தண்ணீரை இறைத்துக் கொண்டேயிருந்தால் நிலத்தடி நீர் என்ன ஆவது?" இதுவே கேள்வி.

கேள்வியிலேயே விடையும் இருந்தது. பாசனம் வருஷம் முழுவதும் நடப்பதில்லை. மழை பெய்யும் நாட்களிலும் அறுவடை நாட்களிலும் பம்புக்கு ஓய்வு. சூரியனுக்கோ ஓய்வு இல்லை; பம்பு ஓடினாலும் ஓடாவிட்டாலும் பலகையின் மேல் வெயில் விழுந்து கொண்டேதான் இருக்கும். அப்படி வீணாகும் மின்சாரத்தை விலைக்கு வாங்க ஒருவர் இருந்தால், விவசாயி அவசியமில்லாமல் தண்ணீர் இறைப்பானேன்? நெல்லும் கோதுமையும் போல வெயிலையும் ஒரு விளைபொருளாக எண்ணி விற்று விடலாம் அல்லவா?

இதைச் சோதித்துப் பார்க்க முதலில் ஆனந்த் ஜில்லாவிலுள்ள தாம்னா கிராமத்தில் ஒரே ஒரு விவசாயி முன் வந்தார். தமது பம்புக்குத் தேவைப்பட்டது போக மிஞ்சிய 1,500 யூனிட் மின்சாரத்துக்கு 2015-ல் அவருக்கு 7,500 ரூபாய் கொடுக்கப்பட்டது. தொகை பெரிதல்ல. ஆனாலும் வெயிலுக்கும் விலை உண்டு என்பது நிச்சயமாயிற்று.

அடுத்தது துண்டி. ஆறு பேருடைய வயல்களிலும் சூரிய மின்பலகைகள் நிறுத்தப்பட்டன. எல்லாவற்றின் சக்தியையும் கூட்டினால் 56.4 கிலோவாட். பின்னர் மேலும் மூவர் சேர்ந்து அங்கத்தினர் ஒன்பது பேராகவும் சக்தி 71.4 கிலோவாட்டாகவும் வளர்ந்தன. மத்திய குஜராத்தில் மின்சாரம் விநியோகிக்கும் கம்பெனி, அவர்களுடைய மிச்ச மின்சாரத்தை யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் 25 வருஷங்களுக்கு வாங்கிக் கொள்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. ஆராய்ச்சி ஸ்தாபனம் தன் பங்குக்கு, தூய மின்சாரம் தந்ததற்கு ஒரு ஊக்கத் தொகையும், தண்ணீரை மிச்சப்படுத்தியதற்கு இன்னொரு ஊக்கத் தொகையுமாக, ஒவ்வொன்றும் யூனிட்டுக்கு ஒன்றேகால் ரூபாய் வீதம், சேர்த்துக் கொடுக்க முன் வந்தது.

இதற்கு ஈடாக விவசாயிகளும் ஒன்றை விட்டுக் கொடுத்தார்கள். சலுகை விலையில் விவசாய மின்சார இணைப்புக் கேட்கும் தங்கள் உரிமையை அந்த 25 வருஷ காலத்துக்கும் துறப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். கைக்குக் கிடைக்கக் கூடிய சலுகையை ஒருவன் வேண்டாமென்று சொல்வது நம் நாட்டில் அடிக்கடி காணக் கூடிய காட்சியல்ல. ஆகையால் இதைத் தனியே குறிப்பிடுகிறோம்.

தனியாக ஏன் செய்யக் கூடாது?

ஒவ்வொரு விவசாயியும் தனித்தனியே மின்சாரத்தை விற்றுக் கொள்ளலாமே, சங்கம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

மின்சாரக் கம்பெனியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு விவசாயியிடம் மாதத்துக்குச் சில நூறு யூனிட் வாங்குவதற்காக, அவருடைய வயல் வரை கம்பி போட்டு, தனி மீட்டர் வைத்து, அதைப் படிக்க ஆள் அனுப்பி, தனிக் கணக்கு எழுதித் தனிச் செக்குக் கொடுக்க வேண்டும். வாங்கும் மின்சாரத்தின் விலையைவிட வாங்குகிற செலவு அதிகமாகி விடும். "ஆளை விடுங்கள்" என்று கம்பெனி சொன்னால் அதில் வியப்பில்லை.

துண்டியில் இந்தச் சிக்கலைச் சங்கம் தீர்த்து வைத்தது. அங்கத்தினர்களின் வயல்களையெல்லாம் ஒரு சிறு கம்பி வலையினால் இணைத்தார்கள். எல்லோருடைய மிச்ச மின்சாரமும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்து, ஒரே மீட்டரின் வழியாகக் கம்பெனியின் பெரிய கம்பிக்குப் போகிறது. கம்பெனிக்கு ஒரே ஒரு கணக்கு. ஒரே ஒரு வாடிக்கைக்காரர். உள்ளே யார் எவ்வளவு அனுப்பினார் என்று ஒவ்வொரு வயலிலும் உள்ள மீட்டரைப் பார்த்துப் பணத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது சங்கத்தின் பொறுப்பு.

பாலுக்கு என்ன செய்தார்களோ அதையேதான் மின்சாரத்துக்கும் செய்திருக்கிறார்கள். ஒரு வீட்டின் இரண்டு லிட்டர் பாலைத் தேடிப் பம்பாயிலிருந்து யாரும் வர மாட்டார்கள். ஊர்ப் பால் முழுவதும் ஒரு பாத்திரத்தில் சேர்ந்தால் லாரி வாசலுக்கு வந்து நிற்கும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கூட்டுறவில் ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கிறார். ஒரு கம்பி அறுந்தாலும் ஒரு யந்திரம் பழுதானாலும் நஷ்டம் தமக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். சர்க்கார் கொடுத்த சாமான் என்றால் துருப்பிடிக்கும் வரை பார்த்துக் கொண்டிருப்பவர்கூட, தமது பங்கு அதில் இருக்கிறதென்றால் எண்ணெய் விட மறப்பதில்லை.

ஊருக்கு என்ன லாபம்?

இப்போது லாபக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோவாட் சக்தியுள்ள பலகைகள் நம் தேசத்து வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் மின்சாரம் தரும். 10 கிலோவாட் வைத்திருக்கும் குடியானவருக்கு நாளொன்றுக்கு 40 யூனிட். நல்ல வெயில் நாட்கள் 300 என்று வைத்துக் கொண்டால் வருஷத்துக்கு 12,000 யூனிட். அதில் பாதியைத் தம் வயலுக்குத் தண்ணீர் இறைக்கச் செலவிட்டு, மீதிப் பாதியை விற்றாலும், 4 ரூபாய் 63 காசு விலையில் 27,780 ரூபாய் கிடைக்கும். மழை பொய்த்தாலும் பூச்சி விழுந்தாலும் இந்த வருமானம் கெடுவதில்லை. மழை பெய்யாத வருஷத்தில் வெயிலுக்கு என்ன பஞ்சம்?

பணம் மட்டுமல்ல. பலகைகளை உயரமான கால்களின் மேல் நிறுத்துவதால் கீழே உள்ள நிலம் வீணாகப் போவதில்லை. நிழலில் வளரக் கூடிய கீரை, காய்கறிகளை அதன் அடியில் பயிரிடுகிறார்கள். டீசல் புகை இல்லை. இஞ்சின் சத்தம் இல்லை.

பகலில் தண்ணீர் கிடைப்பது இன்னொரு பெரிய வரம். பல ராஜ்யங்களில் விவசாயத்துக்கு முறை வைத்து மின்சாரம் விடுகிறார்கள். நள்ளிரவில் முறை வந்தால், டார்ச்சு விளக்கை எடுத்துக் கொண்டு வரப்பில் நடக்க வேண்டியதுதான். பாம்புக் கடியும் மின்சார விபத்தும் இந்த நேரங்களில்தான் சகஜம். சூரிய பம்போ சூரியன் இருக்கும்போதுதான் ஓடும்! வேலையை முடித்துவிட்டு ராத்திரி தூங்கலாம். இந்த லாபத்தை எந்த மீட்டரும் காட்டுவதில்லை. ஆனால் குடியானவர் வீட்டுப் பெண்மணிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

கிணறு இல்லாத ஏழை விவசாயிகளுக்கும் இதில் பங்குண்டு. துண்டியில் அங்கத்தினர்கள் தங்கள் தேவை போகப் பக்கத்து வயல்காரர்களுக்குத் தண்ணீரை விலைக்கு விடுகிறார்கள். டீசலில் இறைத்த தண்ணீரைவிட வெயிலில் இறைத்த தண்ணீர் மலிவு. சொந்தமாகப் பலகை வாங்க வசதியில்லாதவருடைய பயிருக்கும் அதனால் செலவு குறைகிறது.

கிணற்றுக்குக் காவல்

இந்த இடத்தில்தான் விஷயத்தின் முக்கியமான முடிச்சு இருக்கிறது.

உலகத்தில் நிலத்தடி நீரை மிக அதிகமாக இறைக்கும் தேசம் நம்முடையதுதான். உலகம் முழுவதும் எடுக்கும் நிலத்தடி நீரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை நாம் எடுக்கிறோம். பாசனக் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் இரண்டு கோடிக்கு மேல் இருக்கின்றன. மின்சாரம் இலவசமாகவோ மிக மலிவாகவோ கிடைக்கும் இடங்களில், பம்பை நிறுத்த வேண்டுமென்ற நினைவே யாருக்கும் வருவதில்லை. விவசாய பம்புகளுக்கு இலவச மின்சாரம் தரும் நம் தமிழ் நாட்டில், வருஷத்துக்கு வருஷம் ஆழ்துளைக் கிணறு ஆழமாகிக் கொண்டு போவதைக் கண்ணால் காணாதவர் கிடையாது.

இலவச மின்சாரத்தை நிறுத்துவது எந்தச் சர்க்காருக்கும் எளிதல்ல. சிறு விவசாயியின் கஷ்டத்தைப் பார்த்தால் நியாயமுமல்ல. துண்டி காட்டும் வழி வேறு. "தண்ணீரை இறைக்காதே" என்று அங்கே யாரும் உத்தரவு போடவில்லை. இறைக்காமல் விட்ட மின்சாரத்துக்குக் காசு கிடைக்கிறது, அவ்வளவே. பயிருக்குப் போதுமென்று தோன்றியவுடன் விவசாயி தாமாகவே பம்பை நிறுத்துகிறார். நிறுத்தியதும் மீட்டர் அவருக்காக ஓட ஆரம்பிக்கிறது. சட்டமும் அபராதமும் செய்ய முடியாத காரியத்தை நியாயமான விலை செய்கிறது.

விலை நியாயமாக இல்லாவிட்டாலோ கதை தலைகீழாகி விடும். மின்சாரத்துக்குக் கொடுக்கும் விலை மிகக் குறைவாயிருந்தால், அதைவிடத் தண்ணீரை இறைத்து விற்பதே லாபமென்று தோன்றும். அப்போது சூரிய பம்பு கிணற்றுக்குக் காவலாக இராது, காலனாகி விடும். எண்ணெய்ச் செலவு இல்லை, மின்சாரக் கட்டணம் இல்லை, காலை முதல் மாலை வரை ஓடும் என்றால் அதைப் போல் கிணற்றை வற்ற அடிக்கக் கூடிய சாதனம் வேறு எது? சூரிய பம்புகளை ஆயிரக்கணக்கில் மானியத்தில் கொடுத்துவிட்டு, மிச்ச மின்சாரத்தை வாங்க ஏற்பாடு செய்யாமல் விடுவது எவ்வளவு பெரிய அபாயம் என்பதை ஆட்சியாளர்கள் சிந்திக்க வேண்டும்.

இரண்டு ஆட்சேபங்கள்

இந்தத் திட்டத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களையும் நேயர்கள் முன் வைப்பது நமது கடமை.

முதலாவது: ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் பட்லா என்ற இடத்தில் மாபெரும் சூரிய மின் பூங்கா இருக்கிறது. அதில் இடம் பெறுவதற்காக 2017-ல் நடந்த ஏலத்தில் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்குக் கம்பெனிகள் மின்சாரம் தர ஒப்புக் கொண்டன. அங்கே அவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது துண்டி விவசாயிக்கு 4 ரூபாய் 63 காசு கொடுப்பானேன்?

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் வாதம் பலமானதுதான். ஆனால் பாலைவனத்தில் உண்டாகும் மின்சாரம் நம் வீட்டுக்குத் தானாக நடந்து வந்து விடுவதில்லை. நூற்றுக்கணக்கான மைல் தூரம் உயரமான கோபுரங்கள் நாட்டிக் கம்பி இழுக்க வேண்டும். வழியில் ஒரு பகுதி வீணாகும். கிராமத்து மின்சாரமோ அடுத்த தெருவிலேயே செலவாகி விடுகிறது. பெரிய பூங்காவில் ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வீதம் நிலம் வேண்டும். துண்டியில் பயிர் நிலம் பயிர் நிலமாகவே இருக்கிறது. பூங்காவின் லாபம் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு. துண்டியின் லாபம் துண்டிக்கே. மேலும், மேலே சொன்ன குடியானவருக்கு 2 ரூபாய் 44 காசு வீதம் கொடுத்தால் 27,780 ரூபாய்க்குப் பதில் 14,640 ரூபாய்தான் கிடைக்கும். அந்த விலையில் அவர் மின்சாரத்தை விற்பாரா, தண்ணீரை விற்பாரா? சலுகை மின்சாரத்தில் சர்க்காருக்கு மிச்சமாகும் பணத்தையும், பூமிக்குள் மிச்சமாகும் தண்ணீரையும் கணக்கில் சேர்க்காமல் வெறும் யூனிட் விலையை மட்டும் ஒப்பிடுவது முழுக் கணக்காகாது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. துண்டியின் முதல் ஆறு விவசாயிகள் போட்ட பணம் சொற்பம். பெரும் பகுதி ஆராய்ச்சி நிதியிலிருந்து வந்தது. பின்னால் சேர்ந்தவர்கள் அதிகப் பங்கு கொடுத்தார்கள் என்றாலும், முழுச் செலவையும் விவசாயிகளே ஏற்றுக் கொள்ளவில்லை. தேசமெங்கும் இப்படி நிதி கிடைக்குமா?

கிடைக்காது என்பது வாஸ்தவம். ஆகையால்தான் மானியமும் கடனும் கலந்த முறைகள் வந்தன. 2018-ல் குஜராத் சர்க்கார் 'சூர்யசக்தி கிசான் யோஜனா' என்ற திட்டத்தை அறிவித்தது. விவசாயி போட வேண்டியது செலவில் 5 சதவிகிதம்; 60 சதவிகிதம் மானியம்; மீதி கடன். மின்சாரம் விற்று வரும் பணத்திலேயே கடனைத் தீர்க்கலாம். அதே வருஷத்தில் தேசியப் பால்வள அபிவிருத்தி வாரியத்தின் உதவியுடன் ஆனந்த் ஜில்லாவின் முஜ்குவா கிராமத்திலும் பதினொரு விவசாயிகள் இது போன்ற சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2019-ல் மத்திய சர்க்கார் கொண்டு வந்த 'குஸும்' திட்டம், பம்பு வைத்திருக்கும் விவசாயி மிச்ச மின்சாரத்தை விற்பதற்கு இடமளித்தது. கூட்டுறவுச் சங்கங்களும் பஞ்சாயத்துகளுமே 2 மெகாவாட் வரையில் சொந்த மின் நிலையம் வைத்துக் கொள்ளவும் வழி செய்தது. ஆறு பேர் தொடங்கிய சோதனை இரண்டு மூன்று வருஷத்தில் தேசத் திட்டத்துக்குப் பக்கபலமாயிற்று என்றால் அது சிறிய காரியமல்ல.

தர்னாய் கற்பித்த பாடம்

வெற்றிக் கதையை மட்டும் சொல்லி நிறுத்தி விட்டால் நேயர்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம்.

பீகார் ராஜ்யத்தின் ஜெஹானாபாத் ஜில்லாவில் தர்னாய் என்று ஒரு கிராமம். முப்பது வருஷங்களுக்கு மேலாக அங்கே மின்சாரமே கிடையாது. பெயர் பெற்ற சுற்றுச்சூழல் ஸ்தாபனம் ஒன்று, வேறு சிலருடன் சேர்ந்து, 2014-ல் அங்கே 100 கிலோவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. இருண்ட தெருக்களில் விளக்கு எரிந்தது. தேசமெங்கும் பத்திரிகைகள் அந்தக் கிராமத்தைப் புகழ்ந்தன.

ஆனால் அந்த மின்சாரம் பாட்டரிகளில் சேமித்து வைக்கப்பட்ட அளவான மின்சாரம். விளக்குக்கும் விசிறிக்கும் சரி. பெரிய யந்திரங்களுக்குப் போதாது. விலையும் சற்று அதிகம். பார்வையிட வந்த தலைவரிடம், "எங்களுக்கு நிஜமான மின்சாரம் வேண்டும்" என்று ஊரார் கேட்டார்களாம். சீக்கிரத்திலேயே சர்க்கார் கம்பியும் வந்து சேர்ந்தது. அந்த மின்சாரம் மலிவு. ஜனங்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். சில வருஷங்களில் பாட்டரிகளின் ஆயுள் முடிந்தது, புதியவை வாங்கப்படவில்லை. சூரிய மின் நிலையம் இருந்த இடத்தில் மாடு கட்டியிருந்ததாகப் பின்னர் சென்று பார்த்தவர்கள் எழுதினார்கள்.

துண்டிக்கும் தர்னாய்க்கும் சூரியன் ஒன்றுதான். பலகையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏற்பாடுதான் வேறு. தர்னாயில் பெரிய கம்பி போட்டியாளராக வந்தது; துண்டியில் அதுவே வாடிக்கைக்காரராக இருக்கிறது. தர்னாயில் பாட்டரிக்குப் பாட்டரி மாற்றும் செலவு. துண்டியில் பாட்டரியே இல்லை, மிஞ்சியது கம்பி வழியே போய்ப் பணமாகத் திரும்புகிறது. தர்னாயில் ஜனங்கள் மின்சாரம் வாங்குகிறவர்கள், துண்டியில் விற்கிறவர்கள். வாங்குகிறவன் மலிவான கடை திறந்தால் மாறி விடுவான். கடை தன்னுடையதாக இருப்பவனோ அதை எளிதில் விட்டுப் போக மாட்டான்.

நம் பக்கத்தில்

ஊர்ப் பொதுச் சொத்தாக மின்சாரம் உண்டாக்குவது தமிழ் நாட்டுக்கும் புதிதல்ல. மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறைப் பஞ்சாயத்து, 2006-லேயே ஒரு கோடியே ஐம்பத்தைந்து லட்சம் ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. பஞ்சாயத்தின் சேமிப்போடு பாங்கிக் கடனும் சேர்த்து வாங்கப்பட்ட காற்றாலை அது. ஊர்த் தேவைக்கு மேற்பட்ட மின்சாரத்தை மின்சார வாரியத்துக்கு விற்று அந்தப் பணத்தைக் கொண்டு கடனை அடைத்தார்கள். அங்கே காற்று, இங்கே வெயில், தத்துவம் ஒன்றேதான். ஊர் தன் சொத்தைத் தானே வாங்கி, தானே கணக்கு வைத்து, வருமானத்தைத் தானே அனுபவிப்பது.

நம் ஊர்களில் வெயிலுக்குக் குறைவில்லை என்பதைச் சித்திரை மாதத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். பால் சங்கம் நடத்தத் தெரிந்தவர்கள், நெசவாளர் சங்கம் நடத்தத் தெரிந்தவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு மின்சாரச் சங்கம் நடத்துவது முடியாத காரியமன்று. ஆனால் தொடங்குகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கைவிடலாகாது. சொத்தில் ஒவ்வொருவருடைய பங்கும், சிறிதானாலும், ரொக்கமாக இருக்க வேண்டும். வரும் பணத்தில் ஒரு பகுதியைப் பழுது நிதியாக ஆரம்பத்திலிருந்தே ஒதுக்கி வைக்க வேண்டும். பலகை இருபத்தைந்து வருஷம் உழைக்கும், ஆனால் பம்பும் மற்ற யந்திரங்களும் அவ்வளவு காலம் தாங்கா. மூன்றாவதாக, மிச்ச மின்சாரத்தை இன்ன விலைக்கு இத்தனை வருஷம் வாங்குவதாக எழுத்து மூலமான ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும்.

முதல் இரண்டும் ஜனங்கள் கையில் இருக்கின்றன. மூன்றாவது சர்க்கார் கையில் இருக்கிறது. பம்புக்கு மானியம் கொடுப்பதை விழாவாக நடத்துவது எளிது. மிச்ச மின்சாரத்துக்கு நியாய விலை கொடுப்பதில் விழா நடத்த இடமில்லை. ஆயினும் கிணற்றில் தண்ணீர் நிற்பதும், கிராமத்தில் பணம் நிற்பதும், சங்கம் நிலைத்து நிற்பதும் அந்த விலையைத்தான் பொறுத்திருக்கின்றன. பாலுக்குத் தாங்களே விலை சொல்ல வேண்டுமென்று கேடா ஜில்லாக் குடியானவர்கள் 1946-ல் கேட்டது நியாயமென்றால், தங்கள் வயலில் விழும் வெயிலுக்கு நியாயமான விலை வேண்டுமென்று எந்தக் கிராமம் கேட்பதும் நியாயமே. நம் சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த முறை ஓட்டுக் கேட்க வீட்டுக்கு வரும்போது, நேயர்கள் இந்த ஒரு கேள்வியை அவர்களிடம் கேட்டு வைக்க வேண்டுமென்பது நமது விண்ணப்பம்.